சீட்டைக் கவிழ்ப்பதில் புலி

தோற்றதற்குக் காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் அறையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் தொழிலே அதுதான். ஒரகடத்தில், கார்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். கார்க் கதவைத் திறக்க உள்பக்கம் ஒரு கைப்பிடி இருக்குமே, அதைக் கையில் வாங்கி, டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கிறதா, கரும்புள்ளி இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது என் வேலை. நன்றாக இருந்தால் பச்சைப் பெட்டி. இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. இதற்கு ஒரு டிப்ளமோ வேறு படித்திருந்தேன்.

அறை சுங்குவார்சத்திரத்தில், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடியில் கட்டி விட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூட இருந்தவன் அதே கம்பெனியில் மோல்டிங் மெஷின் ஓட்டுபவன், தென்காசிப் பக்கத்துக்காரன். நான் சாத்தூர்ப் பக்கம். அவன் ஓட்டும் மெஷினிலிருந்து விழும் பீஸை நான் ரிஜெக்ட் செய்வேன், சாயங்காலம் அறைக்கு வந்ததும் அவன் அதற்காக என்னைத் திட்டிக்கொண்டே எனக்கும் சேர்த்துச் சோறு வடிப்பான். அப்படி ஒரு சிநேகம்.

அவனிடம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் நெட் கார்டைச் செருகினால் நாலு தடவை விட்டு விட்டு ஒரு வழியாக இணைப்பு வரும். கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத 2012-ஆம் வருஷம் அது. வந்த நேரத்தில் உருப்படியாக எதையாவது பார்த்திருக்கலாம். நாங்கள் போக்கர் பிடித்துக்கொண்டோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காசு போட வேண்டும், அல்லது கையில் இருப்பதைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். கவிழ்த்தால் அதுவரை போட்டது போச்சு. எதிரே இருப்பவன் கையில் சல்லிச் சீட்டு இல்லாமலேயே அள்ளிப் போட்டு நம்மை மிரட்டவும் செய்வான். அவன் முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஏதோ புலி, கிங், ராக்கெட் என்று ஒரு பெயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டுப்போனால் 'ஒய்-ஒய்' என்று ஒரு சடங்கு நடத்துவார்கள். போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டு ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏன்-இல் மூல காரணம் வந்து நிற்கும். அதற்கு ஒரு தீர்வு எழுதி ஒட்டிவிட்டால், அந்தத் தப்பு ஜென்மத்துக்கும் திரும்ப வராது என்பது ஐதீகம். யார் என்று கேட்கக் கூடாது, ஏன் என்றுதான் கேட்க வேண்டும் என்று டிரெய்னிங்கில் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒரு கான்ட்ராக்ட் ஆளின் தலையில்தான் விடியும்.

இந்தச் சடங்கை நாங்கள் போக்கருக்குக் கொண்டுவந்தோம். முதல் பெரிய அடி, கையில் இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு வாங்கினது. இரண்டு ஏஸ் என்றால் கையில் வரக்கூடியதிலேயே ராஜ கை. எதிரே ஒருவன் ஏழும் ரெண்டும் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதைவிடக் கேவலமான கை கிடையாது. நடுவில் ஏழும் ரெண்டும் சொல்லிவைத்தது மாதிரி விழுந்தன. எங்கள் காசு மொத்தமும் அவன் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலை, பல்கூட விளக்கவில்லை. நண்பன் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டான், கம்பெனி வழக்கப்படி நான் கேட்க ஆரம்பித்தேன்.

"ஏன் தோத்தோம்?"

"அவனுக்கு ரெண்டு ஜோடி வந்துட்டு."

"ஏன் வந்துது?"

"ஏழையும் ரெண்டையும் வச்சிக்கிட்டு உள்ள வந்தாம்லா."

"ஏன் வந்தான்?"

"கூறுகெட்டவன்."

"கூறுகெட்டவன்கூட நாம ஏன் ஆடுனோம்?"

"சின்ன டேபிள்ல உக்காந்தோம். அங்கன அப்படித்தான் ஆளுவ இருப்பானுவ."

"ஏன் சின்ன டேபிள்ல உக்காந்தோம்?"

"நம்மகிட்ட துட்டு அம்புட்டுதாம்லே இருந்துது."

ஐந்தாவது ஏன் முடிந்துவிட்டது. மூல காரணம்: வறுமை. தீர்வு: பெரிய டேபிள். இரண்டு பேரும் அதைக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினோம். அடுத்த வாரமே பெரிய டேபிளில் போய் உட்கார்ந்து, கூறுள்ளவர்களிடம் இன்னும் வேகமாகத் தோற்றோம்.

ஜெயித்த ஆட்டத்தை நாங்கள் ஒருநாளும் அலசியதில்லை. கம்பெனியில் பச்சைப் பெட்டிக்குப் போன பீஸை யாராவது கூப்பிட்டு, நீ ஏன் நன்றாக இருக்கிறாய் என்று கேட்பார்களா? அதே புத்திதான். நண்பன் ஒருநாள் ஜாக்கியும் நாலும் வைத்துக்கொண்டு, இருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு, கடைசிச் சீட்டில் ஜெயித்தான். அன்றைக்குப் பரோட்டா, சால்னா, ஆஃப் பாயில். அதற்கப்புறம் ஜாக்கியும் நாலும் வரும்போதெல்லாம் அவன் கண்ணில் பரோட்டா தெரியும். பரோட்டாவுக்குப் பத்து மடங்கு கொடுத்த பிறகுதான் அந்த ஜெயிப்பே ஒரு ரிஜெக்ட் பீஸ் என்று எங்களுக்கு உறைத்தது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்தது. எங்கள் லைனிலிருந்து போன கைப்பிடி ஒன்றில் கீறல். அதைப் பார்த்துப் பச்சைப் பெட்டியில் போட்டவன் நான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் பரம்பரையை விசாரித்தார். மறுநாளிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் கீறலாகத் தெரிந்தது. கம்ப்ளெயின்ட் வந்த லைனில் இது எப்போதும் நடப்பதுதான், பயந்த கண்ணுக்கு நல்ல பீஸ் என்று ஒன்று கிடையாது. சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது.

என் டேபிளுக்கு அடுத்த டேபிளில் ஒரு பெண் இருந்தாள். பென்னலூர்க்காரி, வாய்க்காரி. ஒருநாள் என்னைக் கேட்காமலே என் சிவப்புப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடியை எடுத்தாள்.

"இது இன்னா கெட்டுப்போச்சுன்னு இங்க போட்டுக்கினு கீற?"

"கீறல் இருக்கு."

"எங்க?"

காட்டினேன். அவள் தன் சுண்டு விரலால் துடைத்தாள். கீறல் போய்விட்டது. தலைமுடி.

"சோறு துன்றப்பவும் இப்படித்தான் ஒவ்வொரு பருக்கையா தூக்கிப் பாப்பியா?" என்று கேட்டுவிட்டு அதைப் பச்சைப் பெட்டியில் போட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான். அதற்கப்புறம் வேண்டுமென்றே நல்ல பீஸைச் சிவப்பில் போட ஆரம்பித்தேன், அவள் வந்து எடுப்பாளே என்று.

போக்கர் விஷயத்தை நானே அவளிடம் உளறினேன். ஏதோ பெரிய மூளைக்கார ஆட்டம் என்று அளந்துவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சீட்டாட்றவனுக்கு எங்கப்பா பொண்ணு குடுக்க மாட்டாரு" என்றாள்.

"நான் எப்ப பொண்ணு கேட்டேன்?"

"கேக்கல? சரி வுடு" என்று திரும்பி வேலையைப் பார்த்தாள். அந்த ஷிப்ட் முழுக்க ஒரு பீஸைக்கூட என்னால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. லஞ்சில் போய், "கேட்டா?" என்றேன். "கேளு, பாப்போம்" என்றாள். எங்கள் காதல் வசனம் மொத்தமே அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அவள் அப்பாதான் எங்கள் ஷிப்ட் பஸ்ஸின் டிரைவர். சத்திரத்தில் நான் ஏறுவேன். பென்னலூரில் தன் வீட்டு வாசலில் ஏறி, நேரே அப்பா சீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டிருப்பாள் அவள். ஒரகடம் போய்ச் சேரும்வரை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். கண்ணாடியில் அவர் எல்லோரையும் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பஸ்ஸில் எல்லோரும் அவரை 'டிரைவர் அண்ணே' என்று கூப்பிடுவோம், நானும்தான். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும், சுங்குவார்சத்திரத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு பார்க்க வேண்டும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை மட்டும் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் எதுவும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆட்டம். கையில் ஆட்டின் ராஜாவும் ஆட்டின் ராணியும், அதாவது சிவப்பு இதயம் போட்ட சீட்டு. நடுவில் முதலில் திறந்த மூன்றில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரே ஒரு ஆட்டின் வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஜெயித்த மாதிரி. எதிரே இருந்தவன் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டே வந்தான். நானும் போட்டேன். நாலாவது சீட்டு ஆட்டின் இல்லை. மறுபடி போட்டான், நானும் போட்டேன். ஐந்தாவது, ஸ்பேட் ராணி. ஆட்டின் வரவில்லை, ஆனால் ராணி ஜோடி சேர்ந்துவிட்டது. அவன் மிச்சம் எல்லாவற்றையும் தள்ளினான். எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் கையில் இதைவிடப் பெரிதாக ஏதோ இருக்கிறது. வயிறு சொன்னது, கவிழ்த்துடா என்று.

"என்னலே பாத்துக்கிட்டு இருக்க? கவுத்து" என்றான் நண்பன்.

"போட்டாச்சேடா. இவ்வளவு தூரம் வந்தாச்சு."

மின்வெட்டு வந்திருந்தால் பிழைத்திருப்பேன். அன்றைக்குப் பார்த்து கரண்ட் இருந்து தொலைத்தது. நானும் தள்ளினேன். அவனிடம் மூன்று ஏழு. அந்த மாதச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மீதி மொத்தமும் ஒரு சொடுக்கில் போனது. மாதம் முழுக்க கேன்டீன் சாப்பாட்டில் உயிர் வளர்த்தேன், லீவு நாளில் நண்பனின் ரசத்தில்.

இந்த முறை ஒய்-ஒய் ஒழுங்காக வந்தது. ஏன் தோற்றேன்? தோற்கிறோம் என்று தெரிந்தும் போட்டேன். ஏன் போட்டேன்? ஏற்கெனவே நிறையப் போட்டிருந்தேன். ஏன், போட்டது என்னுடையதா? இல்லை, போட்ட அந்த நிமிஷமே அது டேபிளுக்குச் சொந்தம். மூன்றாவது ஏன்-லேயே மூல காரணம் சிக்கிவிட்டது. தீர்வைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: 'போனதைப் பார்க்காதே. இனி வருவதை மட்டும் பார்.'

நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. வராத சீட்டைத் துரத்துவதை நிறுத்தினேன். சந்தேகம் வந்தால் கவிழ்த்தேன். எவ்வளவு போட்டிருந்தாலும் மனசு அசையாமல் கவிழ்த்தேன். தோற்பது குறைந்தது, சில வாரம் கொஞ்சம் ஜெயிக்கக்கூடச் செய்தேன். "உன்ன மாதிரி கவுத்துறவன் ஒருத்தனும் கிடையாதுலே. நீ புலிலே" என்று நண்பன் சொல்வான். யாராவது சும்மா மிரட்டினாலும் கவிழ்த்துவிடுகிறேன், நல்ல கையையும் கவிழ்த்துவிடுகிறேன் என்பதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கவிழ்த்த கை தோற்றதாகக் கணக்கில் வராதே, அதை யார் அலசுவது?

பெண் கேட்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு. என் தரப்புப் பெரிய மனுஷனாக நண்பன் வந்தான், யாரிடமோ இரவல் வாங்கிய முழுக்கைச் சட்டையில். ஊரிலிருந்து வரவழைத்த சாத்தூர் காராச்சேவு ஒரு பெரிய பாக்கெட் என் கையில். வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "இன்னாபா, இன்னிக்கு ஷிப்ட் இல்லியே?" என்றார்.

"இல்லண்ணே. உங்க பொண்ணு விஷயமா..."

அவர் என்னைப் பார்த்தார். பஸ் கண்ணாடியில் பார்க்கிற அதே பார்வை. "அண்ணேன்னு கூப்டுக்கினு எம்பொண்ண கேட்டு வந்துகீற. அப்ப அவ உனக்கு இன்னா முறப்பா ஆவுது?"

பக்கத்தில் பெரிய மனுஷன் களுக்கென்று சிரித்துத் தொலைத்தான். மாமா என்று சொல்லியிருக்கலாம். அது தோன்றியது திரும்பி வரும்போது ஸ்ரீபெரும்புதூர் தாண்டிய பிறகுதான்.

உட்காரச் சொன்னார். சேவை வாங்கி உள்ளே கொடுத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், பாதி முழுங்கி, பாதி உளறி. கேட்டுவிட்டு, "இல்லப்பா. சரிப்பட்டு வராது. நீங்க தெக்கத்தி ஆளுங்கோ, நாங்க இந்தப் பக்கம். நீங்க கோயிலு, நாங்க சர்ச்சு. நாளைக்கு உங்க வூட்ல ஒண்ணு சொல்லுவாங்கோ, எங்க வூட்ல ஒண்ணு சொல்லுவாங்கோ. போய்ட்டு வாங்கோ" என்றார். திட்டவில்லை, குரல் உயரவில்லை. வாசல்வரை வந்து நின்றார்.

மறுநாள் லைனில் அவள் என் முகத்தைப் பார்த்தே சிரித்தாள்.

"இன்னா, மூஞ்சி தொங்குது? எங்கப்பா மொத தபா எல்லாத்துக்கும் இல்லன்னுதான் சொல்லுவாரு. எங்க அக்காவ கேட்டு வந்தவங்களயும் இப்படித்தான் ரெண்டு தபா தொரத்துனாரு. இன்னிக்கு அந்த அக்கா புருஷனோடதான் ஒக்காந்து கறி துன்றாரு. நீ குடுத்த சேவ திருப்பிக் குடுத்தாரா?"

"இல்ல."

"பின்ன? காலைலகூட ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கினுதான் வண்டி எடுக்கப் போனாரு. வேணாம்னு நெனச்சா மொதல்ல அதத் திருப்பிக் குடுத்திருப்பாரு. இன்னொரு தபா வந்து கேளு."

பரீட்சையில் விடையைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்த மாதிரி. இதைவிடத் தெளிவாக ஒருத்தி என்ன சொல்ல முடியும்? ஆனால் நான் யார், புலி. அறைக்குப் போய் யோசித்தேன். எதிராளி பெரிதாகப் போட்டுவிட்டார். என் கை பலவீனம்: வேறு ஊர், வேறு சாமி, இன்னும் பெர்மனென்ட் ஆகாத கான்ட்ராக்ட் வேலை. இதில் இன்னொரு முறை போவதற்கு என்ன காரணம்? ஒன்றரை வருஷம் போட்டாச்சே என்பதுதானே? சுவரைப் பார்த்தேன். போனதைப் பார்க்காதே என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

"இன்னொரு பாக்கெட் சேவு நான் வாங்கித்தாரேன். போயிட்டு வாலே" என்றான் நண்பன்.

"இது துரத்துறதுடா. வராத சீட்டுக்குத் துட்டு போடுறது."

"லேய், அது சீட்டு. இது புள்ள."

"எல்லாம் ஒண்ணுதான். புத்தி ஒண்ணுதானே?" என்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். அவன் பாதியில் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டான். உள்ளுக்குள் எனக்குச் செருக்கு. மற்றவனாக இருந்தால் அழுது புரண்டு திரும்பத் திரும்பப் போய் நிற்பான், நான் கட்டுப்பாடான ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

கேன்டீன் வரிசையில் வைத்து அவளிடம் சொன்னேன். "விட்டுருவோம். இதுக்கு மேல போனா ரெண்டு பேருக்கும் நஷ்டம்."

தட்டைப் பிடித்தபடி நின்றாள். "இன்னா சொல்ற?"

திரும்பச் சொன்னேன். கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், மூதேவி.

"நான் இன்னா உங்கையில கீற சீட்டா? கவுத்துட்டு எந்திரிச்சிப் போறதுக்கு?" என்றாள். சத்தம் போடவில்லை. சாம்பார் ஊற்றுபவர் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தார். அவள் சாம்பார் வாங்காமலே போய் வேறு மேஜையில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் ஷிப்ட் பஸ்ஸில் ஏற எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடியில் அவரையும் சீட்டுக்குப் பின்னால் அவளையும் எப்படிப் பார்ப்பது? பஸ் வருவதற்கு முன்பே ஷேர் ஆட்டோவில் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து அரசுப் பேருந்தில் தொங்கிக்கொண்டு ஒரகடம் போவேன். கொஞ்ச நாளில் அவளும் வேலையை விட்டுவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவள் டேபிளுக்கு வந்த புதுப்பெண் என் சிவப்புப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பல மாதம் கழித்து ஒரு லீவு நாள், காலைப் பலகாரம் முடித்து நானும் நண்பனும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாடிப்படியில் செருப்புச் சத்தம். வாசலில் டிரைவர் அண்ணே. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. நண்பன் லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு, பாயைத் தட்டிப் போட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று கீழே ஓடிவிட்டான். நல்லவன்.

பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். "பொண்ணுக்குக் கல்யாணம். வந்துரு."

வாங்கிக்கொண்டேன். "நல்லதுண்ணே" என்றேன்.

அவர் பாயில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நீ இன்னாபா, பஸ்ஸயே வுட்டுட்ட? ஒரு மாசத்துக்கு மேல சத்திரம் ஸ்டாப்புல வண்டிய நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். பின்னாடி கீறவனுங்க, இன்னா டிரைவரண்ணே தூங்கிட்டீங்களான்னு கத்துவானுங்கோ. நீ வரவே இல்ல."

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"கேப்பன்னுதான்."

"நீங்கதான் இல்லன்னு சொல்லிட்டீங்களே அண்ணே."

"பொண்ணப் பெத்தவன் மொத தபாவே எடுத்துக்கோன்னு குடுத்துடுவானா? மொத தபா கேக்கறதுக்கு எல்லாருக்கும் வாய் கீது. இல்லன்னு சொன்னப்பறம் எவன் திரும்பி வரான்னு பாக்கணும். ரெண்டாவது தபா வந்திருந்தா உக்காந்து பேசியிருப்பேன். அவளும் உன்னியத்தான சொல்லிக்கினு இருந்தா."

போக்கரில் நாம் கவிழ்த்துவிட்டால் எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன வைத்திருந்தான் என்று தெரியாமலே நாம் போய்ச் சேரலாம், அது ஒரு கருணை. சில பேர் மட்டும் வேலைமெனக்கெட்டுத் திருப்பிக் காட்டுவார்கள். அவர் என்னை நோகடிக்கக் காட்டவில்லை. அவருக்கே ஆற்றாமை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "இப்ப கேட்டா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பையின் காதைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "பத்திரிக அடிச்சாச்சுப்பா. மண்டபத்துக்குக் குடுத்தாச்சு. பையன் வூட்ல துணிகூட எடுத்துட்டாங்கோ. இவ்ளோ தூரம் வந்தாச்சு."

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். தலைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியே இருந்தது. என்ன உரிமையில் அதைச் சொல்வது? நண்பன் டீயோடு வந்தான், மூன்று பேரும் குடித்தோம். படி இறங்கும்போது அவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் நான் அந்தத் தாளைக் கிழித்தேன். "மூல காரணம் என்னன்னு எழுதணுமாலே?" என்று கேட்டான் நண்பன். கெட்ட வார்த்தையில் பதில் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

கல்யாணத்துக்குப் போகாதே என்றான். போனேன். ஒரு தடவையாவது திரும்பிப் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது, எவ்வளவு பிந்தினாலும். பென்னலூர் சர்ச்சில் ஜெபம் முடிந்து, பக்கத்து மண்டபத்தில் மேடை. மாப்பிள்ளை நல்ல பையனாகத்தான் இருந்தான், சிரித்த முகம், என் கையைப் பிடித்துக் குலுக்கினான். போட்டோவுக்காக அவளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். வெள்ளைப் புடவை, கையில் பூங்கொத்து. முகத்தைப் போட்டோக்காரர் பக்கமே வைத்துக்கொண்டு, உதடு அதிகம் அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மூணு மாசம், ஞாயித்துக்கெழம ஆச்சுன்னா சர்ச்சிலேர்ந்து வேக வேகமா வூட்டுக்கு ஓடியாருவேன். நீ வந்துட்டுப் போய்டப் போறியேன்னு."

"சார், நீங்கதான், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

சிரித்தேன். மேடையை விட்டு இறங்கி, மொய்க் கவரை அவள் அப்பா கையில் கொடுத்தேன். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். பிரியாணி வைத்தார்கள். ஒரு வாய் எடுத்தேன், இலையை மூடிவிட்டேன். கை கழுவிவிட்டு ரோட்டுக்கு வந்து, பெங்களூர் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகிற அந்த ஸ்டாப்பில், பட்டப்பகலில், பஸ்ஸுக்கு நிற்கிற நாலு பேர் பார்க்கப் பார்க்க அழுதேன்.